லெஜியன் ஆஃப் ஹானர்: வீட்டிலிருக்கும் பதக்கத்தை இனங்காண்பதும், பெற்றவரின் கோப்பைத் தேடி எடுப்பதும்

ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தின் பக்கம் போனால், கோட்டின் இடது மார்பில் வரிசையாகப் பதக்கம் குத்திக்கொண்டு வரும் முதியவர்களைப் பார்க்கலாம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய அவர்களை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். அந்தக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ விட்டுப்போன ஒன்றிரண்டு பதக்கங்கள் பீரோவில் இருக்கும். என்ன பதக்கம் என்று கேட்டால் “பிரெஞ்சுக்காரன் கொடுத்த செவாலியே” என்று சொல்லிவிடுவார்கள். பல வீடுகளில் அது வேறு ஏதோ ஒரு பதக்கமாகவே இருக்கும். அதனால் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் எந்தப் பதக்கம் என்று தெரியாமல் ஆவணம் தேடப் புறப்பட்டால், இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிரான்சின் மிக உயர்ந்த விருதான லெஜியன் ஆஃப் ஹானரை (பிரெஞ்சில் ‘லெஜியோன் தோனர்’) மையமாக வைத்து இதை எழுதியிருக்கிறேன். பதக்கத்தை அடையாளம் காண்பது, தரத்தையும் காலத்தையும் படிப்பது, அது எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று புரிந்துகொள்வது, பெற்றவரின் கோப்பைத் தேடுவது என்ற வரிசையில் போகலாம்.

தொடங்கும் முன்: இது என்ன விருது?

பிரெஞ்சுப் புரட்சி பழைய அரச விருதுகளை ஒழித்துவிட்டிருந்த காலம். முதற் கான்சலாக, அதாவது ஆட்சித் தலைவராக, இருந்த நெப்போலியன் போனபார்ட், போர்வீரனுக்கும் அறிஞனுக்கும் அதிகாரிக்கும் பொதுவாக ஒரே விருதை ஏற்படுத்த நினைத்தார். பிறப்பைப் பார்க்காமல் செய்த சேவையைப் பார்த்துக் கொடுப்பது என்பது அன்றைக்குப் புதிய யோசனை. அரசின் ஆலோசனை அவையிலேயே எதிர்ப்பு கிளம்பியது. இதெல்லாம் முடியாட்சியின் விளையாட்டுச் சாமான் என்று ஒருவர் சொல்ல, அந்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டுதான் மனிதர்களை வழிநடத்த முடிகிறது என்று நெப்போலியன் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சட்டமன்றத்தில் 166 பேர் ஆதரிக்க, 110 பேர் எதிர்த்தார்கள். 1802 மே 19 அன்று சட்டம் நிறைவேறியது. முதல் பெரிய வழங்கும் விழா 1804 ஜூலை 15 அன்று பாரிசின் ஆன்வலீத் தேவாலயத்தில் நடந்தது. நிர்வாகத்துக்குத் தலைவராக, ‘கிராண்ட் சான்சலர்’ என்ற பதவியில், முதலில் அமர்த்தப்பட்டவர் ஒரு தளபதி அல்ல. லாசெபெத் என்ற இயற்கை அறிவியலாளர்.

அதற்குப் பிறகு முடியாட்சி திரும்பி வந்தது, போனது, பேரரசு வந்தது, போனது, குடியரசுகள் மாறின. விருது மட்டும் தொடர்ந்தது. ஒவ்வோர் ஆட்சியும் பதக்கத்தின் நடுவில் இருக்கும் முகத்தை மாற்றிக்கொண்டதோடு சரி. அந்த மாற்றம் நமக்கு வசதியாகப் போயிற்று; மூன்றாம் படியில் சொல்கிறேன்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எந்தப் பதக்கம்?

ரிப்பனின் நிறத்தைப் பாருங்கள். நிறம் வெளுத்துப் போயிருந்தால் ரிப்பனின் மடிப்புக்குள் பாருங்கள், அங்கே பழைய நிறம் தங்கியிருக்கும். பிறகு உலோகத்தின் வடிவத்தைப் பாருங்கள்.

கோடே இல்லாத முழுச் சிவப்பு ரிப்பன், வெள்ளை எனாமல் பூசிய ஐந்து கைகள், ஒவ்வொரு கையும் இரண்டு முனையாகப் பிரிந்து மொத்தம் பத்து முனை: இதுதான் லெஜியன் ஆஃப் ஹானர்.

மஞ்சள் ரிப்பன், இரண்டு ஓரத்திலும் பச்சை, வட்டமான வெள்ளிப் பதக்கம், பின்பக்கம் ‘வீரமும் ஒழுங்கும்’ என்ற பொருளில் பிரெஞ்சு வாசகம் என்றால் அது ‘மெதாய் மிலித்தேர்’, அதாவது இராணுவப் பதக்கம். 1852 ஜனவரியில் லூயி நெப்போலியன் ஏற்படுத்தியது. சாதாரணச் சிப்பாய்களுக்கும் அதிகாரி அல்லாத தரத்தினருக்கும் உரியது. சொல்தா குடும்பங்களில் லெஜியன் ஆஃப் ஹானர் என்று நம்பிக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. காரணம் எளிது. காலனிப் படைகளில் நம்மவர்களில் பெரும்பாலோர் அதிகாரித் தரத்துக்கு ஏற்றப்படவில்லை.

நான்கு கை கொண்ட வெண்கலச் சிலுவை, கைகளுக்கு நடுவே குறுக்கு வாள் என்றால் ‘குருவா த கேர்’, போர்ச் சிலுவை. முதல் உலகப்போருக்கானது பச்சை ரிப்பனில் சிவப்புக் கோடுகளோடு இருக்கும். பின்பக்கம் ஆண்டு பொறித்திருக்கும்.

நீல ரிப்பன், நீல எனாமல், ஆறு கை என்றால் தேசியத் தகுதி விருது. 1963 டிசம்பர் 3 அன்று சார்ல்ஸ் தெ கோல் ஏற்படுத்தினார். அமைச்சுகள் தனித்தனியே வைத்திருந்த பல சிறு விருதுகளை எடுத்துவிட்டு இந்த ஒன்றைக் கொண்டுவந்தார்கள். லெஜியன் ஆஃப் ஹானருக்கு அடுத்த படி இது. ஊதா நிற ரிப்பன் என்றால் கல்வித் துறைக்கான ‘பால்ம் அக்கதெமீக்’. பச்சை ரிப்பனில் வெள்ளைக் கோடுகள் என்றால் கலை இலக்கிய விருது.

கடைசியாகச் சொன்னதுதான் தமிழ்நாட்டில் பெருங்குழப்பத்துக்குக் காரணம். 1995-இல் சிவாஜி கணேசனுக்கும் 2016-இல் கமல் ஹாசனுக்கும் கொடுக்கப்பட்டது கலை இலக்கிய விருதின் செவாலியே தரம். செவாலியே என்பது அடிப்படைத் தரத்தின் பெயர். மேலே சொன்ன விருதுகளில் பலவற்றுக்கும் அந்தத் தரம் உண்டு. அதனால் ஒருவர் ‘செவாலியே’ என்று செய்தி வந்தால் எந்த விருதில் என்று கேட்க வேண்டும். சத்யஜித் ராய்க்குக் கிடைத்தது லெஜியன் ஆஃப் ஹானர்; அதை நேரில் அணிவிக்கப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தரான் 1989-இல் கல்கத்தாவுக்கே வந்தார்.

ஒரு வேண்டுகோள். பித்தளைப் பாத்திரம் மாதிரி இதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எனாமல் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் ஓரம் உதிர்ந்து வரும், வெள்ளியின் மேல் இருக்கும் பொன் முலாமும் போய்விடும். மெல்லிய பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும்.

இரண்டாம் படி: என்ன தரம்?

லெஜியன் ஆஃப் ஹானரில் ஐந்து நிலைகள். செவாலியே, ஒஃபிசியே, கொமாந்தர் ஆகிய மூன்றும் தரங்கள். கிரான் ஒஃபிசியே, கிரான் குருவா ஆகிய இரண்டும் அவற்றுக்கு மேலான மதிப்பு நிலைகள்.

வெள்ளி நிறம், மார்பில் குத்தும் சாதாரண ரிப்பன் என்றால் செவாலியே. பொன் நிறமும், ரிப்பனின் மேல் வட்டமாகத் தைத்த துணிப்பூவும் இருந்தால் ஒஃபிசியே. கழுத்தில் மாலைபோலத் தொங்கவிடும் அளவுக்கு நீள ரிப்பன் என்றால் கொமாந்தர். கிரான் ஒஃபிசியே வலது மார்பில் பெரிய வெள்ளித் தகடு அணிவார். கிரான் குருவா வலது தோளிலிருந்து குறுக்கே அகலச் சிவப்புப் பட்டை போட்டு, பொன்னிறத் தகட்டை இடது மார்பில் அணிவார்.

பழைய குடும்பப் புகைப்படத்தில் பதக்கமே தெரியாமல் இருக்கலாம். கோட்டுக் காலரின் பொத்தான் துளையைப் பாருங்கள். அங்கே மெல்லிய ரிப்பன் துண்டு இருந்தால் செவாலியே, சிறு வட்டப்பூ இருந்தால் ஒஃபிசியே. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது என்பதால் இதை மட்டும் வைத்து எந்த விருது என்று முடிவுகட்ட முடியாது.

மூன்றாம் படி: எந்தக் காலத்துப் பதக்கம்?

பதக்கத்தின் நடுவட்டத்தைப் படியுங்கள். நெப்போலியன் முகமும் பின்பக்கம் கழுகும் இருந்தால் பேரரசுக் காலம். முதலாம் பேரரசா 1852-க்குப் பிந்திய இரண்டாம் பேரரசா என்பதை வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும், அதற்கு நிபுணர் தேவை. நான்காம் ஹென்றி அரசரின் முகம் என்றால் முடியாட்சி திரும்பிய காலம்.

புதுச்சேரி, காரைக்கால் வீடுகளில் கிடைக்கக்கூடியது இவற்றுக்குப் பிந்தியதுதான். பெண் முகமும் ‘பிரெஞ்சுக் குடியரசு’ என்ற எழுத்தும் 1870 என்ற எண்ணும் இருக்கும். பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: 1870 என்பது பதக்கம் கொடுத்த ஆண்டு கிடையாது. மூன்றாம் குடியரசு பிறந்த ஆண்டு அது. 1951 வரை அந்த எண்ணோடேதான் பதக்கங்கள் செய்யப்பட்டன. எனவே தாத்தா 1919-இல் வாங்கியிருந்தாலும் 1938-இல் வாங்கியிருந்தாலும் 1870 என்றுதான் இருக்கும். எண் இல்லாமல், பின்பக்கம் இரண்டு கொடிகளும் புரட்சி நாட்காட்டியின்படி நிறுவிய தேதியும் இருந்தால் அது இன்றைய ஐந்தாம் குடியரசின் பதக்கம். மேலே தொங்கவிடும் இடத்தில் கிரீடம் இருந்தால் முடியாட்சி அல்லது பேரரசு. கருவாலி (ஓக்), லாரல் இலை வளையம் இருந்தால் 1870-க்குப் பிந்தியது.

பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. லெஜியன் ஆஃப் ஹானர் பதக்கத்தில் பெற்றவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இல்லை. இன்னொன்று, பதக்கத்தைப் பெற்றவர் தன் காசில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்றும் அப்படித்தான். ஒருவரே இரண்டு மூன்று வாங்கி வைத்திருக்கலாம். யார் வேண்டுமானாலும் பழம்பொருள் கடையில் வாங்கியும் இருக்கலாம். பதக்கம் கையில் இருப்பதால் மட்டும் தாத்தா பெற்றார் என்று ஆகிவிடாது. கிராண்ட் சான்சலர் கையெழுத்திட்ட சான்றுத்தாளோ அரசுக் கோப்போ வேண்டும். பெட்டியின் அடியில் மடித்து வைத்த பழைய காகிதம் ஏதும் இருந்தால் பதக்கத்தைவிட அதைப் பத்திரப்படுத்துங்கள்.

நான்காம் படி: எப்படிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோப்பில் என்னென்ன காகிதம் இருக்கும் என்பது இந்த நடைமுறையைப் பொறுத்தது. அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

யாரும் தனக்காக விண்ணப்பிக்க முடியாது. முன்மொழிவது அமைச்சரின் வேலை: படைவீரர் என்றால் பாதுகாப்பு அமைச்சர், வெளிநாட்டவர் என்றால் வெளியுறவு அமைச்சர் வழியாகப் போகும். 2008 முதல் பொதுமக்களும் பெயர் சொல்லலாம்; ஒரே மாவட்டத்தைச் சேர்ந்த 50 பேர் கையெழுத்திட்டு அங்குள்ள அரசுப் பிரதிநிதியிடம் கொடுக்க வேண்டும். முன்மொழிவு கிராண்ட் சான்சலர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே விருதுக் குழு ஒவ்வொரு கோப்பையும் படித்து ஏற்கும் அல்லது தள்ளிவிடும். ஏற்றவற்றில் குடியரசுத் தலைவர் கையெழுத்திடுவார். விருதின் தலைவரும் அவரே. பிறகு அரசிதழில் பெயர் வரும். குடிமக்களுக்கான பட்டியல் ஜனவரி 1-ஐயும் ஜூலை 14-ஐயும் ஒட்டி வெளியாவது வழக்கம்.

செவாலியே ஆகக் குறைந்தது 20 ஆண்டுச் சேவை வேண்டும். அதன்பின் ஒஃபிசியே ஆக 8 ஆண்டு, கொமாந்தர் ஆக மேலும் 5, கிரான் ஒஃபிசியேக்கு 3, கிரான் குருவாவுக்கு இன்னொரு 3. ஆண்டுகள் ஓடினால் மட்டும் உயர்வு வராது; முன்பு கணக்கில் எடுக்காத புதிய சேவையைக் காட்ட வேண்டும். போரில் காயம்பட்டவர், அரிய தீரச்செயல் செய்தவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. இறந்தவருக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. கடமையில் உயிரிழந்தால் மட்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள் முடிவெடுத்துக் கொடுக்கலாம். 2018-இல் பணயக்கைதிக்குப் பதிலாகத் தன்னை ஒப்படைத்து இறந்த காவல் அதிகாரி அர்னோ பெல்த்ராமுக்குக் கொமாந்தர் தரம் அப்படித்தான் வழங்கப்பட்டது.

பதவியில் இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சாதாரணமாகக் கிடையாது. இப்படியெல்லாம் கட்டுப்பாடு வைத்திருப்பதற்குப் பின்னால் ஓர் அவமானம் இருக்கிறது. 1887-இல் குடியரசுத் தலைவர் ஜூல் கிரேவியின் மருமகன் டேனியல் வில்சன், மாமனாரின் மாளிகையில் இருந்துகொண்டே விருதுகளைக் காசுக்கு விற்றது வெளிவந்தது. கிரேவி பதவி விலக வேண்டியதாயிற்று. செல்வாக்கை விற்பதைக் குற்றமாக்கும் சட்டமே அதன்பின் 1889-இல்தான் பிரான்சில் வந்தது. 1962-இல் தெ கோல் விதிகளை முழுத் தொகுப்பாக்கி, உயிரோடிருக்கும் உறுப்பினர் எண்ணிக்கைக்கு 1,25,000 என்று உச்சவரம்பு வைத்தார்.

அரசிதழில் பெயர் வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. பிரெஞ்சுக் குடிமகன் என்றால், சம தரமோ மேல் தரமோ உள்ள இன்னோர் உறுப்பினர் குடியரசுத் தலைவரின் பெயரால் முறைப்படி அணிவித்த பிறகே அவர் உறுப்பினர். அந்த நிகழ்வைப் பதிந்த தாள் கோப்பில் சேரும். வெளிநாட்டவருக்கு இந்தப் படிவரிசை இல்லை. நேரடியாக மேல் தரத்தில்கூடக் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் விருது பெற்றவர்களே தவிர, சட்டப்படி அமைப்பின் உறுப்பினர்கள் அல்லர். இந்தியக் குடிமக்களைப் பொறுத்தவரை நம் அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவு வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்கத் தடை விதிக்கிறது. நம் நாட்டுப் பத்ம விருதுகளையே பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கும்போது, மேடைதோறும் ‘செவாலியே’ என்று பெயருக்கு முன்னால் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணம்? படைவீரராகப் பெற்ற செவாலியேக்கு ஆண்டுக்கு 6 யூரோ 10 சென்ட். கிரான் குருவாவுக்கே 36 யூரோ 59 சென்ட்தான். “தாத்தா மெடலுக்குப் பெரிய பென்ஷன் வருமாமே” என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். குடும்பத்துக்கு வந்தது இராணுவ ஓய்வூதியமாக இருக்கும், அது வேறு கணக்கு. உருப்படியான சலுகை ஒன்று உண்டு: பாரிசை ஒட்டிய செந்தெனி நகரில் நெப்போலியன் தொடங்கிய பெண்கள் பள்ளி. விருது பெற்றவரின் மகள், பேத்தி, கொள்ளுப்பேத்திகளுக்கு இன்றும் அங்கே விடுதியோடு இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

ஐந்தாம் படி: பெயரை எப்படித் தேடுவது?

பிரெஞ்சுத் தேசிய ஆவணக் காப்பகம் ‘லெயோனோர்’ என்ற பெயரில் ஒரு தரவுத்தளத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1802 முதல் விருது பெற்று, 1977-க்கு முன் இறந்தவர்களின் கோப்புகள் அதில் இருக்கின்றன. பலவற்றை அப்படியே படமாகப் பார்க்கலாம். பிறப்புச் சான்று, சேவை விவரம், எந்தப் போர்முனையில் இருந்தார், எந்த அமைச்சு முன்மொழிந்தது என்றெல்லாம் அதில் கிடைக்கும். 1871-இல் பாரிஸ் கம்யூன் என்ற கிளர்ச்சியின்போது விருதின் தலைமையகமான சால்ம் மாளிகை எரிந்தது. அதற்கு முந்தைய கோப்புகள் சில மெலிந்திருப்பதற்கு அதுவே காரணம்.

பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டால் ஒன்றும் வராது. பிரெஞ்சு அதிகாரி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. ‘உ’ ஒலி வரும் இடமெல்லாம் ஓ, யூ என்ற இரண்டு எழுத்து போடுங்கள். முருகன், சுப்பராயன், ஆறுமுகம் எல்லாம் இதில் மாறிவிடும். ‘ச’ ஒலிக்கு நடுவில் இரட்டை எஸ் வரும். சாமி என்று முடியும் பெயர்களில் இதைப் பார்க்கலாம். ‘அன்’ என்று முடியும் பெயர்களில் கடைசி எழுத்துகள் பலவிதமாக மாறும் என்பதால் பெயரின் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடுவது நல்லது.

அப்படியும் வரவில்லை என்றால் பெயரை விட்டுவிட்டுப் பிறந்த ஊரைக் கொடுங்கள். புதுச்சேரியையும் காரைக்காலையும் பிரெஞ்சு எழுத்தில் போட்டால் அங்கே பிறந்த எல்லோரும் வருவார்கள். அங்கு பிறந்த ஐரோப்பியர்களும் கலந்து வருவார்கள். பிறந்த ஆண்டை வைத்துச் சலித்தெடுக்கலாம்.

குடும்பப் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் இருந்தவர்கள் தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம் என்றானது. அப்படிச் செய்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பலர் பிரெஞ்சுப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே கொள்ளுத்தாத்தாவின் கோப்பு, வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டிராத ஒரு பெயரில் இருக்கலாம். பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் பதிவை முதலில் கண்டுபிடியுங்கள். எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளுக்கான பிரெஞ்சு ஆவணக் காப்பகம், பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. திருமணப் பதிவிலிருந்து தொடங்குவதே என் ஆலோசனை. பெற்றோர் பெயரும் ஊரும் தொழிலும் ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும்.

ஆறாம் படி: லெயோனோரில் இல்லை என்றால்

மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, அவர் பெற்றது இராணுவப் பதக்கமாக இருக்கும். அந்தப் பெயர்கள் லெயோனோரில் சேராது. அப்போது தென்மேற்குப் பிரான்சின் போ நகரில் உள்ள இராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்குத்தான் எழுத வேண்டும். படையெண் தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. பழைய ஓய்வூதியப் புத்தகத்தில் அந்த எண் இருக்கும்.

இரண்டாவது, அவர் 1977-இலோ அதற்குப் பிறகோ இறந்திருப்பார். இந்தக் கோப்புகள் கிராண்ட் சான்சலர் அலுவலகத்திடம் இருக்கும். முழுப்பெயர், பிறந்த தேதி, ஊர், இறந்த தேதி, உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு இவற்றைப் பிரெஞ்சில் எழுதி, உறவைக் காட்டும் சான்றின் நகலோடு அனுப்புங்கள்.

மூன்றாவது, எழுத்துக்கூட்டல். இதற்கு அரசிதழின் பக்கம் போகலாம். பழைய அரசிதழ்களைப் பிரெஞ்சுத் தேசிய நூலகம் ‘காலிகா’ என்ற தளத்தில் வைத்திருக்கிறது. சொல் தேடலும் உண்டு. பெயரை விட்டுவிட்டு, அவர் இருந்த படைப்பிரிவின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அன்று பிரெஞ்சுக் காலனியாக இருந்த வியட்நாமின் சைகோனில் நிர்வாக வேலை பார்த்த புதுச்சேரிக்காரர்கள் என்றால் காலனி அமைச்சின் பட்டியலில் பார்க்க வேண்டும், போர் அமைச்சின் பட்டியலில் அல்ல.

கடைசியாக: வைத்திருக்கலாம், அணியலாமா?

வாரிசு அணியக்கூடாது. விருது தனிமனிதருக்கு உரியது, சொத்தாக இறங்காது. உரிமையில்லாமல் பொது இடத்தில் அணிவதற்குப் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தில் ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் இருக்கிறது. பெற்றவரிடமிருந்தே அதைப் பறிக்கவும் முடியும்: ஓராண்டோ அதற்கு மேலோ கட்டாயச் சிறைத்தண்டனை பெற்றால் உறுப்புரிமை தானாகப் போய்விடும். 2025 ஜூனில் முன்னாள் குடியரசுத் தலைவர் நிக்கோலா சர்க்கோசி அதை இழந்தார்.

வீட்டில் சட்டமிட்டு மாட்டி வைக்கத் தடை இல்லை. மாட்டும்போது சான்றுத்தாளின் நகலையும், கோப்பிலிருந்து எடுத்த சேவை விவரத் தாளையும் பின்பக்கம் உறையிலிட்டு ஒட்டிவிடுங்கள். மூலச் சான்றுத்தாளை வெயில் படாத இடத்தில் தனியாக வையுங்கள், லேமினேட் செய்யாதீர்கள்.